ஒரு நல்லது, ஒரு கஷ்டம்!

"வெளிநாட்டில் இருக்கிறாள், அவளுக்கென்ன குறைச்சல்?" பெண்ணைக் கடல் கடந்து அனுப்பிய வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழாத நாளே கிடையாது. அந்தப் பெண்ணும் "சௌக்கியம், சாப்பிட்டாச்சு, இங்கே குளிர் ஜாஸ்தி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நடுவில் சொல்லாமல் விழுங்கியது எத்தனையோ! இப்படி விழுங்குவதில் நம்மையெல்லாம் மிஞ்சியவர்கள் அயர்லாந்துக்காரர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு 1982 முதல் 1991 வரை லண்டனில் கிரிக்கில்வுட் பகுதியில் குடியிருந்தோம். அங்கே அப்போது தடுக்கி விழுந்தால் ஐரிஷ்காரர் வீடுதான். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள மேயோ மாவட்டத்துக்காரர். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு 'மேயோ ஆன்ட்டி' என்றே பெயர். என் குழந்தைகளுக்குப் பாட்டி மாதிரி. எனக்கு மாமியாரும் தோழியும் சேர்ந்த மாதிரி.

புறப்பட்டுப் போவதே வழக்கமான நாடு

அயர்லாந்து சின்னத் தீவு. 1841-ல் அங்கே 80 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடும். அடுத்த ஏழு வருஷத்துப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகும் போவது நிற்கவில்லை. 1911-ல் எண்ணிப் பார்த்தால் தீவில் மிச்சம் 44 லட்சம் பேர்தான்!

இதில் ஓர் ஆச்சரியம். மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆண்களும் குடும்பங்களும் போனார்கள். அயர்லாந்திலிருந்தோ கல்யாணமாகாத இளம் பெண்கள் தன்னந்தனியாகவே ஏராளமாகப் போனார்கள். அமெரிக்காவில் வீட்டு வேலை செய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தங்கைக்குக் கப்பல் டிக்கெட் அனுப்புவாள் அக்கா. அவள் போய் அடுத்தவளுக்கு அனுப்புவாள்.

புறப்படும் முந்தின இரவு வீட்டில் ஊரே கூடும். பாட்டும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. செத்தவர் வீட்டில் இரவெல்லாம் கண் விழிப்பது போலவே இதற்கும் 'அமெரிக்கன் வேக்' என்று பெயர். போனவள் திரும்பமாட்டாள் என்று பெற்றவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மகள் என்றால் கடிதம்தான்.

ஊர் கேட்கும் கடிதம்

அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தால் அதைத் தனியாகப் படித்துக்கொள்ள முடியாது. அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எழுத்தறியாத வீடுகளில் பள்ளி ஆசிரியரோ பாதிரியாரோ உரக்கப் படிப்பார். உள்ளே பணமும் இருக்கும். இப்படி ஊரே கேட்கப்போகிற கடிதத்தில், "எஜமானி அம்மாள் திட்டுகிறாள், இரவெல்லாம் அழுகிறேன்" என்று எந்தப் பெண் எழுதுவாள்? "நலம், பணம் அனுப்பியிருக்கிறேன், வேலை நல்ல வேலை" என்றுதான் எழுதுவாள். பொய் சொல்லவேண்டும் என்றில்லை. பெற்றவளின் மானத்தைக் காப்பாற்றவேண்டுமே!

நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1-ம் தேதி திறந்தபோது, முதல் ஆளாகப் பதிவானவள் ஆன்னி மூர் என்ற ஐரிஷ் பெண். கார்க் நகரத்துக்காரி, வயது 17. இரண்டு தம்பிகளை அழைத்துக்கொண்டு, முன்பே போயிருந்த பெற்றோரைத் தேடி வந்தாள். அதிகாரிகள் 10 டாலர் தங்கக் காசு பரிசளித்தார்கள். இந்தத் தங்கக் காசுக் கதை ஊரெல்லாம் பரவியது. அப்புறம் அவள் நியூயார்க்கின் நெரிசலான பகுதியிலேயே வாழ்ந்து, பெற்ற பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்து, 1924-ல் இறந்த விஷயம்? அது 2006-ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. அவள் கல்லறைக்குப் பெயர்ப் பலகை வைத்ததே 2008-ல். காசு பரவிய வேகத்தில் கண்ணீர் பரவுவதில்லை!

மேயோ ஆன்ட்டியின் ஞாயிற்றுக்கிழமைகள்

மேயோ ஆன்ட்டி 1957-ல் பதினெட்டு வயதில் லண்டன் வந்தவர். அந்தப் பத்து வருஷத்தில் மட்டும் அயர்லாந்துக் குடியரசிலிருந்து சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். பெண்களுக்கு ஊரில் என்ன வழி இருந்தது? அரசாங்க உத்தியோகம் கிடைத்தாலும் கல்யாணம் ஆனதும் ராஜினாமா செய்யவேண்டும் என்ற சட்டம் 1973 வரை இருந்தது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளிலோ நர்ஸ் பயிற்சிக்குத் தங்க இடமும் கொடுத்து, கையில் சம்பளமும் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஆன்ட்டி கடிதம் எழுத உட்காருவார். வெண்ணெய் விலை, பஸ் கட்டணம், சர்ச்சில் பார்த்த ஊர்க்காரர், புதுக் கோட்டின் நிறம், எல்லாம் அதில் இருக்கும். அம்மாவிடமிருந்தும் அப்படியே வரும். மாடு கன்று போட்டது, 'டர்ஃப்' காய்ந்தது. (சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டி, காயவைத்து அடுப்பெரிக்கும் மண்கட்டிக்குத்தான் டர்ஃப் என்று பெயர்.) கூடவே உள்ளூர் வாரப் பத்திரிகையையும் சுருட்டித் தபாலில் அனுப்புவார் அம்மா.

"எல்லாம் எழுதினேன் கண்ணு, ஒண்ணைத் தவிர" என்றார் ஆன்ட்டி ஒரு நாள். நான் இரண்டாவது பிள்ளை உண்டாகி, வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த சமயம் அது. "உங்க அம்மாவுக்கு எழுதினியா?" என்று கேட்டார். "வீணாகக் கவலைப்படுவாங்க ஆன்ட்டி" என்றேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார்.

1964-ல் அவருக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. உண்டாகியிருப்பதையே ஊருக்கு எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு நேரில் போய்ச் சொல்லி அம்மாவை அசத்த நினைத்திருந்தார். அப்புறம் எதைச் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து வெண்ணெய் விலையை எழுதினாராம்.

1971-ல் அம்மா தவறிவிட்டதாகத் தந்தி வந்தது. யூஸ்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, ஹோலிஹெட்டில் கப்பல் பிடித்து, டப்ளினிலிருந்து மறுபடி ரயிலில் போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டில் ராத்திரி கண் விழிக்கும்போது, வயதான அத்தை ஒருத்தியிடம் மனசு தாங்காமல் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மாவும் உனக்கு முன்னாடி ஒண்ணைப் பறிகொடுத்தவதாண்டி. உனக்குத் தெரியாதா?" என்றாளாம்.

தெரியாது. யாரும் சொன்னதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களை அந்தக் காலத்தில் சர்ச்சுக் கல்லறையில் புதைக்கமாட்டார்கள். 'கில்லீன்' என்று ஊருக்கு ஒதுக்குப்புறமான இடத்தில், பேர்கூட இல்லாமல் புதைப்பார்கள். பிறகு அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

"ஏழு வருஷம் ஒரே துக்கத்தை ரெண்டு பேரும் வெச்சுக்கிட்டு, வெண்ணெய் விலை எழுதிக்கிட்டிருந்தோம். சொல்லியிருந்தா என்னைத் தேத்தத் தெரிஞ்ச ஒரே மனுஷி அவங்கதான்" என்றார் ஆன்ட்டி. அன்றைக்குச் சாயங்காலமே நான் ஊருக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டேன்.

அக்கா தங்கையின் ஒப்பந்தம்

ஊருக்குத் திரும்பும் முன் ஆன்ட்டியும் ஊரிலேயே இருந்த அவர் தங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு நல்லது இருக்கவேண்டும். ஒரு கஷ்டமும் இருக்கவேண்டும். கஷ்டம் இல்லாத கடிதம் வந்தால், "பாதிக் கடிதம்தான் வந்தது, மீதியை அனுப்பு" என்று பதில் போகும்!

கஷ்டம் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. முட்டி வலி, மகன் பரீட்சையில் தவறியது, அண்டை வீட்டாருடன் மனஸ்தாபம், எதுவும் ஆகும். 1979-ல் அயர்லாந்தில் தபால்காரர்கள் 18 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிராமத்து வீடுகளில் அப்போது டெலிபோனும் அபூர்வம். அப்போதும் இவர்கள் விடவில்லை. யூஸ்டனில் கப்பல் ரயிலேறும் ஊர்க்காரர் கையில் கடிதத்தைத் திணித்து அனுப்பினார் ஆன்ட்டி.

பார்சலும் ரொட்டியும்

பகிர்ந்துகொள்வது எழுத்தில் மட்டுமா? கிறிஸ்துமஸ் சமயத்தில் கிராமத்து வீடுகளிலிருந்து இங்கிலாந்தில் உள்ள பிள்ளைகளுக்கு வான்கோழியையே தபாலில் அனுப்புவார்களாம்! தபால் தாமதமானால் வாசனை முன்னால் வரும் என்று ஆன்ட்டி சிரிப்பார். தேயிலை எப்போதும் ஊர்த் தேயிலைதான்.

வாரம் இரண்டு தடவை சோடா ரொட்டி சுடுவார். ஈஸ்ட் வேண்டாம். நம் வீட்டிலும் செய்யலாம். கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதியாக 450 கிராம், சமையல் சோடா 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் புளித்த கெட்டி மோர் 350 முதல் 400 மில்லி வரை விட்டு, கையால் லேசாகச் சேருங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக்கூடாது, ரொட்டி கல்லாகிவிடும். வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவை மாதிரி கீறி உடனே அவனில் வையுங்கள். 230 டிகிரியில் 15 நிமிஷம், பிறகு 200 டிகிரியில் 30 நிமிஷம். அடியில் தட்டினால் வெற்றுப் பானை மாதிரி சத்தம் வரவேண்டும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்குவதால், கலந்த மாவைக் காக்கவைக்கக்கூடாது.

ஜன்னலில் ஒரு விளக்கு

1990-ல் அயர்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேரி ராபின்ஸன், மாளிகையின் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். வெளிநாடு போன அத்தனை பேருக்கும் 'உங்களை மறக்கவில்லை' என்று சொல்லும் விளக்கு அது. அந்தச் செய்தியைக் கேட்டு ஆன்ட்டி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. விளக்கு வைத்த இடம் வரவேற்பறை இல்லை, சமையலறை என்பதுதான் அவருக்குப் பெருமை. "சமையல்கட்டில்தானே கண்ணு, உண்மையைப் பேசுவோம்!" என்றார்.

2008-ல் பொருளாதாரம் சரிந்தபோது மறுபடி ஆயிரக்கணக்கான ஐரிஷ் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். இப்போது கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. முகம் பார்த்தே பேசலாம். ஆனாலும் கேமராவுக்கு முன் சிரித்துவிட்டு, அணைத்த பிறகு அழ முடியுமே! சாதனம் மாறியதே தவிர, விழுங்கும் பழக்கம் மாறவில்லை.

என் பெண் இப்போது டொரண்டோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் நான் என் கஷ்டத்தைச் சொல்லிவிடுவேன். "இந்த வாரம் பிரஷர் கொஞ்சம் ஏறிடுச்சு, டாக்டர் மாத்திரையை மாத்தினார்." பெரியவர்கள் சொன்னால்தான் சின்னவர்களுக்கும் வாய் வரும். அப்புறம் அவள் சொல்வாள். அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்வேன். அதுதான் கஷ்டமான பகுதி! கடைசியில் ஆளுக்கொரு நல்லது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கடல் கடந்த பிள்ளை இருந்தால், "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் "சௌக்கியம்"தான். "இந்த வாரத்துக் கஷ்டம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.