டென்னிஸ் முழங்கை

டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியாத தச்சரிடம், "உமக்கு டென்னிஸ் முழங்கை" என்று வைத்தியர் கூறினால் அவர் திகைப்பது இயல்பே. ஜெர்மானிய வைத்தியரான ரூங்கே 1873-ஆம் ஆண்டில் இவ்வுபாதையை விவரித்தபோது, எழுதுவோருக்கு உண்டாகும் கைக்கோளாறாகவே அதைக் குறித்தார். இங்கிலாந்தில் லான் டென்னிஸ் பரவிய பின்னர், 1880-களில்தான், விளையாட்டின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. நோயாளிகளுள் பெரும்பாலோர் ஆட்டக்காரர் அல்லர். கையால் உழைக்கும் நடுத்தர வயதினரே.

மணிக்கட்டைப் பின்புறமாக நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனையில் ஒரு பொதுத் தசைநாரால் பற்றியிருக்கின்றன. நாம் எதையேனும் இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாதபடி இவையே தாங்குகின்றன. ஆகவே சுத்தியலைப் பிடித்தாலும், துணியைப் பிழிந்தாலும் அம்முனை இழுபடுகிறது. இது அழற்சியென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், 1979-இல் அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் நிர்ஷ்லும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வு முதலானவை, அங்கே காணப்படுவது அழற்சியன்று, நாரிழைகள் ஒழுங்கு குலைந்த சிதைவே என்று காட்டின. சிகிச்சையைப் பற்றிய கருத்து மாறியதற்கு இதுவே காரணம்.

முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றும் வலி முன்கை வழியே இறங்கும், பிடி தளரும், நீர் நிறைந்த செம்பைத் தூக்குவதும் கடினமாகும். கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னால் வலி கூடும். உள்ளங்கை மேல்நோக்கினால் அவ்வளவு இராது. விரல்களில் மரப்பு, கழுத்து வலி ஆகியவை இருப்பின் கழுத்து நரம்பை ஐயுற வேண்டும். விழுந்தபின் முழங்கையை நீட்ட இயலாதவரையும், காய்ச்சலுடன் மூட்டு வீங்கியவரையும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக.

நாட்கூலி பெறுபவர் ஊசியைத்தான் கேட்பார். மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டுமே! கார்ட்டிஸோன் வகை ஊசி முதல் ஆறு வாரங்களில் வியக்கத்தக்க சுகமளிப்பது உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. ஊசியால் சுகம் கண்டவர்களுள் நூற்றுக்கு 72 பேருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில் ஊசி போடாது பொறுத்திருந்தோரே மேலான நிலையில் இருந்தனர். ஊசி கேட்போருக்கு இதை முன்னதாகவே எடுத்துரைப்பது நம் கடமை. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி தானே தணிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதற்காகக் கையைக் கட்டி வைத்துச் சும்மாயிருப்பதும் தகாது. முன்கையை மேசைமீது வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்க, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஒரு சிறு எடையைப் பிடிக்க வேண்டும். மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, பின் மெல்ல மெல்லத் தாழ்த்த வேண்டும். தாங்கக்கூடிய சிறு வலி இருப்பின் கேடில்லை. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம். கருவியின் பிடியைத் துணி சுற்றித் தடிப்பாக்குவதும், சுமையை உடலோடு அணைத்து, உள்ளங்கை மேல்நோக்கத் தூக்குவதும் இழுப்பைக் குறைக்கும். முன்கைப் பட்டை சிலருக்கு உதவுகிறது.

ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இவற்றைச் செய்தும் தணியாத சிலருக்கே ரண சிகிச்சை தேவைப்படும். 2004-இல் இவ்வுபாதையால் பல ஆட்டங்களை இழந்த கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர், 2005-இல் லண்டனில் அதைச் செய்துகொண்டு மீண்டும் ஆடவந்தார்.