வலியைச் சொல்லத் தெரியாதவரின் பாதுகாவலர்

"எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவாங்க?" அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரை இந்தக் கேள்வி தூங்க விடுவதில்லை. பதிலாகப் பலரும் தேடுவது சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழை. அது அவசியம்தான். ஆனால் பாதுகாவலரின் வேலை அந்தச் சான்றிதழுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதில் பெரும்பங்கு உடல்நலம் சார்ந்தது.

18 வயதுக்குப் பிறகு

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோர் என்ற உரிமையில் மட்டும் அவருக்காகச் சட்டப்படி கையெழுத்திட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். ஆட்சியர் நிலை அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதையும் குழு பார்க்க வேண்டும். தேவையற்ற அதிகாரம் யார் கையிலும் போய்விடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது.

உடம்பு சொல்வதைக் கேட்பது

பேச்சு சரியாக வராத ஒருவருக்குப் பல் வலித்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார். சோற்றுத் தட்டைத் தள்ளுவார். ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருப்பார். "அவங்க அப்படித்தான்" என்று சுற்றியிருப்பவர்கள் விட்டுவிடுவார்கள். சில நேரம் மருத்துவரும் குறைபாட்டையே காரணமாக எடுத்துக்கொண்டு, அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதிவிடுகிறார். ஆள் அடங்கிவிடுவார், சொத்தைப்பல் அப்படியே இருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய கொடுமை தெரியவில்லை. ஒருவரின் குணம் திடீரென்று மாறினால் முதலில் வலியைத் தேடுங்கள்: பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி. "இது இவருக்குப் புதுசு, போன மாதம் இப்படி இல்லை" என்று மருத்துவரிடம் அழுத்திச் சொல்லக்கூடியவர் கூடவே இருக்கும் பாதுகாவலர் ஒருவர்தான்.

டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு அதிகம் வரும். ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. மற்றவர்களைவிட இளவயதிலேயே, 40 வயதைத் தாண்டியதும் அல்சைமர் மறதிநோய் அவர்களுக்குத் தொடங்கலாம். வலிப்பு உள்ளவருக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குள் போய்த் தொற்று வரலாம்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். இதில் சேர மருத்துவப் பரிசோதனை கிடையாது.

அவரையும் கேளுங்கள்

சண்டிகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண் வன்கொடுமையால் கருவுற்றார். குழந்தையைப் பெற்றுக்கொள்ள அவர் விரும்பினார். நிர்வாகமோ கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டது. அவர் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், பாதுகாவலரும் குறைபாடுள்ளவரும் சேர்ந்தே முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவல் முறையைச் சொல்கிறது.

நடைமுறையில் இது சின்னச் சின்ன காரியங்களில்தான் இருக்கிறது. ஊசி போடப் போவதை முன்கூட்டியே காட்டுவது, எந்தக் கையில் போடலாம் என்று கேட்பது, மருத்துவரை அவர் முகம் பார்த்துப் பேசச் சொல்வது.

கணக்கும் கைமாற்றமும்

நியமனமான 6 மாதத்துக்குள் குறைபாடுள்ளவரின் சொத்து விவரத்தையும், ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கையும் பாதுகாவலர் ஒப்படைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ, பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுத்து அவரை நீக்கக் கோரலாம்.

உங்களுக்குப் பிறகு அக்காவோ தம்பியோதான் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்றால், மாத்திரைப் பெயர்கள், ஒவ்வாமை, வலித்தால் அவர் எப்படிக் காட்டுவார் என்பதையெல்லாம் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கே அந்த அக்காவையோ தம்பியையோ கூட்டிப்போங்கள்.