பஞ்சியா, களைப்பா? ஒரு மந்திரவாதியின் நாள் கணக்கு

"அம்மா, இண்டைக்கு என்ர ஸ்லொட் எல்லாம் முடிஞ்சுது. நாளைக்குப் பார்ப்பம்."

ஒரு வியாழக்கிழமை பின்னேரம். நான் இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கிறேன். தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடம் மேசையில் அப்படியே கிடக்கிறது. குப்பை பின் இன்னும் வாசலுக்குப் போகவில்லை. 14 வயது மகன் சோஃபாவில் காலை நீட்டிக்கொண்டு இந்தப் பதிலைச் சொல்கிறான். என் வாயில் உடனே வந்த சொல், என் அம்மா யாழ்ப்பாணத்தில் எனக்குச் சொன்ன அதே சொல்தான்: "பஞ்சி!"

உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் இருக்கும். ஒரு பிள்ளை வேலை செய்யாவிட்டால் நாங்கள் முதலில் எடுக்கும் சொல் அதுதான். களைப்பு என்ற சொல்லைப் பெரியவர்களுக்கு என்று வைத்திருக்கிறோம். அந்தப் பிரிப்பு சரியா என்ற கேள்வியை எனக்குள் போட்டது ஒரு விளையாட்டு. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஹரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி 5 பிள்ளைகள். நடுவில் 20 முகம் உள்ள பகடைகள், பென்சில், கடதாசி. விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி. கதை போகிற போக்கில் ஒரு காரியம் பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். திரை இல்லை, சார்ஜர் இல்லை. அதனால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

இது அமெரிக்க விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்டது. ஆனால் ஐரோப்பாவுக்கு அது வந்தது எங்கள் லண்டன் வழியாகத்தான். 1975இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு ஃபிளாட்டில் இருந்த இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று இளைஞர்கள் கேம்ஸ் வேர்க்‌ஷொப் என்ற பெயரில் சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். இந்த விளையாட்டை ஐரோப்பாவில் விற்கும் உரிமையை எடுத்தார்கள். 1978இல் ஹமர்ஸ்மித்தில் முதல் கடையைத் திறந்தார்கள். இன்று ஊர் ஊராக இருக்கும் அந்தக் கடைகளின் தொடக்கம் அதுதான்.

"அம்மா, நீங்களும் ஒருக்கா விளையாடிப் பாருங்கோ. அப்ப ஸ்லொட் எண்டா என்னெண்டு விளங்கும்" என்று மகன் என்னையும் இருத்திவிட்டான். எனக்கு முதல் லெவல் மந்திரவாதி. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு ஸ்பெல் ஸ்லொட். அதாவது, பெரிய மந்திரம் இரண்டு முறைதான் போடலாம். 5ஆம் லெவலுக்குப் போனாலும் மொத்தம் 9தான். முடிந்தால் முடிந்தது. மறுபடி நிரம்புவதற்கு 'லோங் ரெஸ்ட்' வேண்டும்: 8 மணி நேரம், அதில் 6 மணி நேரமாவது நித்திரை. கான்ட்ரிப் என்று சொல்லும் சின்ன மந்திரங்களுக்கு மட்டும் கணக்கில்லை, எத்தனை முறையும் போடலாம்.

நான் என்ன செய்தேன்? முதல் அறையில் வந்த எலிகளுக்கே இரண்டு ஸ்லொட்டையும் செலவழித்துவிட்டேன். அடுத்த அறையில் ஒரு பெரிய சிலந்தி. கையில் ஒன்றும் இல்லை.

அங்கே தொடங்கியது சண்டை. மகனின் சிநேகிதன் சொன்னான்: "ஆன்ட்டியின்ர மந்திரவாதி இப்ப களைச்சுப் போனா. ஓட ஏலாது." மகன் விடவில்லை. "ஸ்லொட் முடிஞ்சா ஓட ஏலாது எண்டு எங்க எழுதியிருக்கு? காட்டு பாப்பம்." மற்றவன் 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டி ஓர் இடத்தைக் காட்டினான். மந்திரம் போடுவது உடலையும் மனதையும் வருத்தும் வேலை, அதனால்தான் அளவு வைத்திருக்கிறது என்ற கருத்து அங்கே இருக்கத்தான் செய்கிறது. மகன் திருப்பிக் கேட்டான்: "சரி, ஆனா எந்த நம்பர் குறையுது? நடக்கிற வேகம் குறையுதா? பலம் குறையுதா? ஒண்டுமில்லையே!"

சிலந்தி பாவம், அரை மணி நேரம் காத்திருந்தது. எனக்கு அந்த வாக்குவாதம் பிடித்துப் போயிற்று.

ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் என்ற விதிக்குப் பின்னால் என்ன நியாயம் இருக்கிறது? விளையாடுகிறவர்கள் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள்.

முதலாவது, ஞாபகம். பழைய விதிகளில் மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்வான். சொன்னதும் அது மனதை விட்டுப் போய்விடும். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட 'த டையிங் ஏர்த்' கதைகளிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட யோசனை இது. எங்களுக்கு இது புதிதில்லை. பரசுராமரின் சாபத்தால் தேவையான நேரத்தில் கர்ணனுக்கு மந்திரம் மறந்து போகவில்லையா? இந்திரன் அவனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதமும் ஒரே ஒரு தடவைக்குத்தான். அர்ச்சுனனுக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவன் கடோற்கசனுக்குச் செலவழிக்க வேண்டி வந்தது. எலிக்குச் செலவழித்த எனக்கு அவன் வலி விளங்கியது!

இரண்டாவது, ஆட்டத்தின் சமநிலை. எல்லாருக்கும் முறை வரவேண்டும் என்பதற்காகப் போட்ட அளவு. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் வாள்வீரனுக்கும் நாளைக்கு ஒரு முறை மட்டும் செய்யக்கூடிய வித்தைகளைக் கொடுத்தார்கள். "காலமை வெட்டின அதே வெட்டைப் பின்னேரம் ஏன் வெட்ட ஏலாது?" என்று பலர் கேட்டார்கள். அப்படி ஒரு சந்தர்ப்பம் ஒரு நாளில் ஒரு முறைதான் வாய்க்கும் என்று எடுத்துக்கொள் என்பது ஒரு பதில். ஒருநாள் கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளருக்கு 10 ஓவர்தான் என்பதைப் போல. பத்தாவது ஓவர் முடிந்தபோது அவருக்குக் களைப்பே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பந்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, களைப்பு. சிநேகிதன் சொன்னது.

இதற்கு என் மகன் சொன்ன மறுப்புத்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விளையாட்டில் களைப்புக்கு என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. அதன் பெயர் எக்ஸோஷன். 6 படி. 2014 விதிகளின்படி முதல் படியில் யோசிப்பது, ஏறுவது, தேடுவது எல்லாம் தடுமாறும். இரண்டாவதில் நடை வேகம் பாதியாகும். மூன்றாவதில் அடியும் தவறும், தற்காப்பும் தவறும். நான்காவதில் உயிர்ப்பலம் பாதி. ஐந்தாவதில் அசையவே ஏலாது. ஆறாவதில் மரணம். 2024இல் திருத்திய விதிகளில் படிக்குப் படி எண்கள் குறைவதாக எளிமையாக்கினார்கள். ஆனால் ஆறாவது படி மாறவில்லை.

ஸ்லொட் முடிந்தால் இந்த ஏணியில் ஒரு படிகூட ஏறுவதில்லை. களைப்பு வரவேண்டும் என்று நினைத்த இடத்தில் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் நடந்தால், கூடுகிற ஒவ்வொரு மணிக்கும் உடம்பு தாங்குமா என்று பகடை உருட்ட வேண்டும். 2014 புத்தகத்தில் வெறிகொண்டு சண்டை போடும் ஒருவகை வீரன், வெறி அடங்கியதும் ஒரு படி களைப்பான்.

திரும்பி வருகிற விதமும் வேறு. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் ஸ்லொட் எல்லாம் நிரம்பிவிடும். களைப்பு அப்படியில்லை. ஓர் இரவுக்கு ஒரு படிதான் இறங்கும். அதுவும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்திருந்தால்தான் என்கிறது 2014 விதி. எங்கள் அம்மம்மாக்கள் எழுதின விதி போல இல்லையா?

அப்போது எனக்கு விளங்கியது இதுதான். நாள் அளவு என்பது களைப்புக்கு முன்னால் போட்ட வேலி. வேலிக்குள் நின்றால் ஓர் இரவில் எல்லாம் சரியாகும். வேலியைத் தாண்டித் தாண்டிப் போனால், போன நாட்களின் அளவுக்குத் திரும்பி வரவும் நாட்கள் வேண்டும்.

இந்த நாட்டின் இளையோர் கிரிக்கெட்டிலும் இதே கணக்குத்தான். 19 வயதுக்குட்பட்ட வேகப் பந்துவீச்சாளர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் சபை வயதுவாரியாக இரண்டு அளவு வைத்திருக்கிறது: தொடர்ச்சியாக எத்தனை ஓவர், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை ஓவர். தொடர்ச்சியாகப் போடும் அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் பெயரும் ஸ்பெல்தான்! பிள்ளை களைத்து விழுகிறானா என்று பார்த்து நிறுத்துவதில்லை. வளரும் முதுகெலும்பு உடையாமல் முன்னரே நிறுத்துகிறார்கள்.

பகடையைப் பெட்டிக்குள் போடும்போது மகன் கேட்டான்: "அம்மா, நீங்கள் இப்ப எத்தினையாவது லெவல்?"

"ஒண்டு இருக்கும்."

"மூண்டு" என்றாள் மூலையில் இருந்து சின்னவள்.

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன், தொடர்ந்து நான்காவது இரவு வேலை முடிந்து காரில் வந்துகொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றேன். பிறகு கேட்டது பின்னால் இருந்த காரின் ஹோர்ன். விளக்கு எப்போது பச்சையானது என்று எனக்குத் தெரியாது. எத்தனை நொடி தூங்கினேன் என்றும் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கும் பகலில் 4 மணி நேரம் படுத்து எழும்பி, சமைத்து வைத்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போனேன். அதை நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பழைய ஃபைலில் இருந்து என் வேலை ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்.

இந்த நாட்டிலும் லோங் ரெஸ்ட், ஷோர்ட் ரெஸ்ட் எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிகளின்படி, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் 11 மணி நேர ஓய்வு. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை. கிழமைக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவு வேலைக்காரருக்குச் சராசரியாக 24 மணி நேரத்தில் 8 மணி. சில வேலைகளுக்கு விலக்குகள் உண்டு. 48 மணி அளவு வேண்டாம் என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் முடியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டபோது நானும் அதைக் கொடுத்திருந்தேன். வாசித்துப் பார்க்கவில்லை. அதை எழுத்தில் அறிவித்துத் திரும்பப் பெறலாம். குறைந்தது 7 நாள் முன்னறிவித்தல் வேண்டும், ஒப்பந்தத்தில் இருந்தால் 3 மாதம் வரை போகலாம். நான் திரும்பப் பெற்றேன். சம்பளத்தில் குறைந்த காசு குறைந்ததுதான். விடுமுறைக்கு ஊருக்குப் போவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தோம்.

பிள்ளைகள் விஷயத்தில் என்ன முடிவு? பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பள்ளிக்கூடம், டியூஷன், மிருதங்கம், நீச்சல் என்று எத்தனை ஸ்லொட்டை நாங்களே எடுத்துவிடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஒரு வகுப்பு நின்றது. எதை நிறுத்துவது என்று அவனே சொன்னான். "இண்டைக்கு முடிஞ்சுது" என்று ஒரு பிள்ளை விழுவதற்கு முன் சொன்னால், அது வேலியைக் காட்டுகிறது என்று இப்போது நான் எடுத்துக்கொள்கிறேன். நல்லாத் தூங்கி எழுந்தும் பல வாரம் களைப்பு மாறாவிட்டால் கதை வேறு. பெரியவரோ பிள்ளையோ, ஜிபியிடம் காட்டத்தான் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோ தைரொயிட்டோ பஞ்சி என்ற பெயரில் ஒளிந்திருக்கலாம்.

அதற்காக நான் முழுதாகத் தோற்றுவிடவில்லை. விதியை வாசிக்க எனக்கும் தெரியும். "தம்பி, தமிழ் வீட்டுப்பாடத்துக்கு ஒரு ஸ்லொட் வேணும், ஒத்துக்கொள்ளுறன். ஆனா பின்னை வெளியில வைக்கிறது கான்ட்ரிப். அதுக்குக் கணக்கில்லை." அவனிடம் பதில் இல்லை. சிநேகிதன் மேசையில் தட்டிச் சிரித்தான்.

போன செவ்வாய் காலை வேலை முடிந்து வந்து படுத்தேன். பின்னேரம் எழும்பிக் கதவைத் திறந்தபோது, பார்சல்காரருக்கு என்று அழைப்பு மணிக்கு மேல் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில், ஒரு எழுத்துப் பிழையோடு: லோங் ரெஸ்ட் நடக்கிரது, மணி அடிக்க வேண்டாம்.

பின்னும் வாசலில் இருந்தது.