காருக்குள்ளே குளிர்! குற்றவாளி எங்கே?

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்து நாட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஆபிங்டன் என்ற ஊரில் 1962-ம் ஆண்டு முதல் 1980-ம் ஆண்டு வரை தயாரானது. மொத்தம் 5 லட்சம் கார்களுக்கு மேல் வெளிவந்தன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. வயதாகிவிட்டதே தவிர, மவுசு குறையவில்லை.

பனிக்காலம் வந்தால் மட்டும் ஒரு தொல்லை. ஹீட்டரில் சூடு வராது!

சூடு வராவிட்டால் கால் விறைக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்துவிடும். அதைப் போக்குவதும் இதே ஹீட்டர்தான். கண்ணாடி மங்கினால் ரோடு தெரியாது. எதிரே லாரி வந்தாலும் தெரியாது! ஆவியை நன்றாகப் போக்கிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் சாலை விதி நூல் சொல்கிறது.

வெந்நீர் போகும் வழி

ஹீட்டர் தானாகச் சூட்டை உண்டாக்குவது இல்லை. என்ஜினிடம் கடன் வாங்குகிறது.

என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் சூடாகிறது. என்ஜினின் பின்பக்கம் ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்தால், வெந்நீர் ரப்பர் குழாய் வழியாக ஹீட்டர் பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. அதன் ஊடே காற்று புகுந்து, சூடாகிக் காருக்குள் வருகிறது. காற்றை ஊத ஒரு விசிறியும் உண்டு. சூட்டை இழந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிவிடுகிறது.

இந்த வழியில் சூடு எங்கே நின்றுபோகிறது? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தொட்டால் தெரியும்

முதலில், என்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஹீட்டருக்கு வெந்நீர் சரியாகப் போகாது.

பிறகு ஹீட்டரைத் திறந்து வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு ரப்பர் குழாய்களையும் லேசாகத் தொட வேண்டும்.

இரண்டும் வெதுவெதுப்பா? சூடு காட்டும் முள்ளும் தாழ்ந்தே நிற்கிறதா? அப்படியானால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். என்ஜின் சூடாகும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் சிறிய கருவி அது. சாதாரணமாக 82 டிகிரி சென்டிகிரேடில் திறக்கும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் சூடேறாது. மாற்ற அதிகச் செலவு இல்லை.

இரண்டும் சில்லென்று இருக்கிறதா? என்ஜின் மட்டும் சுடுகிறதா? வால்வு திறக்கவில்லை. அதை இழுக்கும் கம்பி நழுவியிருக்கலாம்.

ஒன்று கொதிக்கிறது, மற்றொன்று குளிர்கிறதா? சின்ன ரேடியேட்டரில் துருவும் சேறும் அடைத்திருக்கும். அல்லது காற்று புகுந்து தண்ணீரை மறிக்கும். அடைப்பு என்றால், என்ஜின் ஆறியதும் இரண்டு குழாய்களையும் கழற்றி, எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசலாம். வேகமாக விட்டால் பழைய பற்றவைப்பு பிய்ந்துவிடும்!

இரண்டும் நன்றாகச் சுடுகிறதா? தண்ணீர்மேல் குற்றம் இல்லை. விசிறி மோட்டார் களைத்திருக்கும். அல்லது பெட்டியைச் சுற்றியுள்ள நுரை ரப்பர் மக்கிப்போய், சூடான காற்று காருக்குள் வராமல் வழியிலேயே வெளியேறும்.

ஹீட்டர் பெட்டியைக் கழற்றுவது பெரிய வேலை. மெக்கானிக்குகளே முகம் சுளிப்பார்கள். குழாய்களைத் தொட்டுப் பார்க்காமல் அதில் இறங்கினால் பணமும் பொழுதும் வீண்.

எச்சரிக்கை!

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

காருக்குள் இனிப்பு வாடை வருகிறதா? கால்மிதி நனைந்திருக்கிறதா? சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது. தண்ணீர் உறையாமல் இருக்க அதில் எத்திலீன் கிளைக்கால் என்ற மருந்து கலப்பார்கள். இனிக்கும், ஆனால் விஷம்! வடித்த தண்ணீரைத் தரையில் விடக்கூடாது. குழந்தையோ நாயோ பூனையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து. மூடியுள்ள டப்பாவில் பிடித்து, எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.