மண்ணுக்கு உரியவர்கள் – 7: மேல்வாரம் யாருக்கு?

போன வாரம் எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டோடு நிறுத்தினோம். இந்த வாரம் விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறி, கோலியனூர் தாண்டி வளவனூரில் இறங்குவோம். வளவன் என்பது சோழருக்கு வழங்கிய பெயர். ஊர்ப்பெயரே ஒரு பழைய உடைமைப் பத்திரம் மாதிரி இருக்கிறது.

கிழக்கே சில மைலில் திருபுவனை. 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்காக அங்கே 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. வேதமும் இலக்கணமும் இந்த வயல் நெல்லில் வளர்ந்தன.

நிலம் யாருடையது என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் வெகுகாலம் இரண்டு பதில்கள் இருந்தன. விளைச்சலில் அரசுக்கோ அரசு கைகாட்டியவருக்கோ போவது மேல்வாரம். பயிரிட்ட குடிக்கு மிஞ்சுவது குடிவாரம். கைமாறிக்கொண்டே இருந்தது மேல்வாரம்தான். செஞ்சி 1649-இல் பீஜப்பூர் வசமானது, 1677-இல் சிவாஜியிடம் போனது, 1698-இல் முகலாயரிடம், பிறகு ஆற்காட்டு நவாபிடம். கோட்டையில் கொடி மாறினால் களத்துமேட்டுக்கு நெல் அளக்க வருகிற ஆளும் மாறினார். அளக்கிற வேலை நிற்கவில்லை.

1749-இல் ஆம்பூர்ப் போரில் வென்ற, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், துணைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களைக் கொடுத்தார். அடுத்து, ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், வழுதாவூரைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு ஜாகீராகவே தந்தார். நட்புக்கு ஊர்களைச் சன்மானமாக எழுதிவைத்த காலம் அது; ஊராரை யாரும் கேட்கவில்லை. 1760-இல் வழுதாவூர்க் கோட்டையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிடித்துக்கொண்டார்.

கிராமம் கிராமமாக நிலம் கைமாறியதன் வடு இன்றும் சாலையில் தெரிகிறது. வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. அரியூர் மறுபடி புதுச்சேரி. ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் பார்த்தாலே எந்த ஆட்சியில் போகிறோம் என்று சொல்லிவிடலாம். வயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கரும்பு, ஒரே நெல்.

1801 ஜூலை 31 ஒப்பந்தத்தால் நவாபின் சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. பின்னர் ரயத்துவாரி வந்து, தீர்வை கட்டுகிறவர் பெயரில் பட்டா எழுதப்பட்டது. பெரிய மாற்றம்தான். ஆனால் சேற்றில் இறங்கி உழுத பண்ணையாள் தீர்வை கட்டுகிறவர் அல்ல. அவர் பெயர் ஏறவில்லை. இந்த நீண்ட வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர், பண்ணையாட்களாக உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை விரிவாக எழுதிய பிறகே, 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டுகள் விற்கக்கூடாது. அதன் பிறகும் அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை.

இன்று இந்தச் சாலையோரத்தில் வயலுக்கு நடுவே வெள்ளையடித்த குட்டைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. மனைப்பிரிவு. இங்கே மனை வாங்க நினைக்கும் வாசகர்கள், வில்லங்கச் சான்றோடு நில்லாமல், கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். அந்த நிலம் முதலில் யாருக்காக ஒதுக்கப்பட்டது என்று விசாரியுங்கள்.

(தொடரும்)