அருவ ஓவியமும் கையச்சும் ஒட்டுச்சித்திரமும்

ஓவியமென்றால் கண்ணாற் கண்டதொரு பொருளின் சாயலைத் துணியிலோ தாளிலோ காட்டுவது என்பதே பலர் கொண்ட கருத்தாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஓவியர் சிலர் இக்கருத்தினின்றும் விலகினர். உருசியரான கண்டின்ஸ்கி, செருமனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த காலத்தில், பொருளின் உருவை விடுத்து, வண்ணமும் கோடும் தம்முள் இயைந்து நிற்கும் முறையையே ஓவியத்தின் உயிராகக் கொண்டார். இவ்வகை ஓவியமே அருவ ஓவியம் எனப்படும். சாயலை நீக்கியபின் எஞ்சுவது யாது? குழந்தையின் கிறுக்கலுக்கும் இதற்கும் வேற்றுமை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண, அருவ ஓவியம் அச்சுக்கலையோடும் ஒட்டுச்சித்திரத்தோடும் கலந்த வரலாறு பெரிதும் துணைபுரியும்.

ஒட்டுச்சித்திரம் ஓவியக் கலையுட் புகுந்த ஆண்டு 1912. அவ்வாண்டில் பிக்காசோ, பிரம்பு பின்னிய நாற்காலியின் தோற்றம் அச்சிடப்பட்ட மெழுகுசீலைத் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, அதனைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றை அமைத்தார். சில மாதங்களின் பின், அவருடைய நண்பர் பிராக், அவிஞோன் நகரக் கடையொன்றில் மரத்தின் வரிகளைப் போல அச்சிட்ட சுவர்த்தாளைக் கண்டு வாங்கி, அதனை வெட்டித் தம் கரிக்கோட்டுச் சித்திரத்தில் ஒட்டினார். பிராக் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிற் குடும்பத்திற் பிறந்தவர். மரவரியைத் தூரிகையாற் போலியாகத் தீட்டும் வித்தையை இளமையிலேயே பயின்றவர். அத்தகையவர் தீட்டாது ஒட்டியது திறமையின்மையாலன்று. பொருளின் சாயலுக்குப் பதிலாகப் பொருளையே படத்தில் வைக்கலாம் என்னும் புதுக்கருத்தே அங்குப் பிறந்தது.

கையச்சின் இயல்பு வேறு. மரப்பலகையைச் செதுக்கி, மை தடவித் தாளை அழுத்தி எடுக்குங்கால், கலைஞனின் கைக்கும் தாளுக்கும் இடையே பலகை நிற்கின்றது. மரத்தின் நார் உளியை எதிர்க்கும். படம் இடவலம் மாறி விழும். மையின் கனம் ஒவ்வொரு படியிலும் சிறிது வேறுபடும். தூரிகையின் எளிய ஓட்டம் இங்கில்லை. ஆதலின், தேவையற்றதை நீக்கி வடிவைச் சுருக்கிக் காணும் பயிற்சியை அச்சு அளிக்கின்றது. கண்டின்ஸ்கி தாமே 1912ஆம் ஆண்டளவில், 'ஒலிகள்' என்னும் பொருள்படும் பெயருடைய நூலில், தம் கவிதைகளோடு 56 மரச்செதுக்கு அச்சுக்களைச் சேர்த்து வெளியிட்டமை ஈண்டு நினைவு கூரத்தக்கது.

இம்மூன்று கலைகளும் ஒன்றுகூடிய இடத்தைக் காட்டுவது, பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் (1869–1954) படைத்த 'ஜாஸ்' என்னும் நூலாகும். 1941ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பெரிய சத்திரசிகிச்சையின் பின், நின்று தீட்டும் வலிமை அவருக்குக் குன்றியது. குவாஷ் எனப்படும், ஒளிபுகாத நீர்வண்ணத்தைத் தாள்களிற் பூசுவித்து, அத்தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஊசிகொண்டு பொருத்தி, இடம் மாற்றி மாற்றி அமைக்கும் முறையை அவர் கைக்கொண்டார். கோடு வரைதலும் வண்ணமிடுதலும் வெவ்வேறு செயல்களாக இராது, கத்தரியின் ஒரே வெட்டில் இணைந்தன. இவ்வாறு அமைந்த 20 படங்களுட் சில வட்டரங்கக் காட்சிகள். 'உப்பங்கழி' என்னும் பொருள்படும் பெயருடைய மூன்று படங்களோ, 1930இல் அவர் தகித்தித் தீவிற் கண்ட கடலின் நினைவில் எழுந்து, அருவத்தை அணுகி நிற்பவை.

பதிப்பாசிரியர் தேரியாட் 1947ஆம் ஆண்டில் இந்நூலை வெளியிட்டார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் தகடு வெட்டி, அதன் துளைவழியே, மத்தீஸ் கையாண்ட அதே குவாஷ் வண்ணத்தைக் கையாற் பூசி அச்சிட்டனர். படங்களுக்கு இடையே மத்தீசின் பெரிய கையெழுத்தே வாசகமாக அமைந்தது. நூல் புகழ்பெற்றது, ஆயினும் ஆசிரியர் மனம் நிறைவடையவில்லை. அச்சுக்கு மாறியபோது வெட்டுத்தாளின் உயிர்ப்பு நீங்கிற்று என்றும், துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டுப் படம்போல அது தோன்றுகின்றது என்றும் நண்பருக்கெழுதிய கடிதத்தில் அவர் வருந்தினார். மூலத்தில் ஒரு தாளின்மேல் மற்றொரு தாள் படிந்த விளிம்பு உண்டு. தூரிகைச் சுவடும் ஊசித்துளையும் உண்டு. அச்சில் அவையாவும் ஒரே தளமாயின. வண்ணம் மாறவில்லை, வடிவமும் மாறவில்லை, எனினும் ஏதோ ஒன்று குறைந்தது. சாயலை விட்ட ஓவியத்தில் எஞ்சுவது யாது என்னும் வினாவுக்கு இக்குறையே விடை தருகின்றது. பொருளும் அதனைத் தொட்ட கையும் கூடி விட்டுச்சென்ற தடமே அது.

அங்ஙனமாயின், இக்கலைகளை இணைத்தல் வீண் முயற்சியோ? அன்று. முடிந்த படத்தை அச்சு நகலெடுக்கும்போதே இழப்பு நேர்கின்றது. படம் பிறக்குமிடமே அச்சாகும்போது இணைப்பு நிறைவெய்துகின்றது. மையிட்ட பலகையின்மேல், பின்புறம் பசை தடவிய மெல்லிய வண்ணத்தாளை இட்டு, அதன்மேல் ஈரமான தடித்த தாளை வைத்து அழுத்துவது ஒரு முறை. இதில் ஒட்டுதலும் பதித்தலும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. அட்டை, நூல், துணி முதலியவற்றைப் பலகையில் ஒட்டி, வார்னிஷ் பூசி உலர்த்தி, அதன்மேல் மையிட்டு அச்செடுப்பது மற்றொரு முறை. 1950களில் அமெரிக்கரான கிளென் ஆல்ப்ஸ் இதனை வளர்த்தார்; இங்கு ஒட்டுச்சித்திரமே அச்சுப்பலகையாகி விடுகின்றது. சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடம் பயின்ற கிருஷ்ண ரெட்டி (1925–2018), பாரிசில் ஹேய்ட்டரின் பட்டறையில், எண்ணெய்ச் செறிவு வேறுபட்ட மைகள் ஒன்றையொன்று விலக்கும் இயல்பைக் கொண்டு, ஒரே உலோகத் தகட்டினின்று பல வண்ணங்களை ஒருங்கே பதிக்கும் முறையை உருவாக்கியோருள் ஒருவர். அவருடைய வண்ணங்கள் தகட்டின் மேடுபள்ளங்களிலேயே பிறப்பன.

இவை விளையாட்டென இகழத்தக்கனவல்ல. கிழிந்த தாளின் விளிம்பு எங்கு நிற்கவேண்டும், எந்தப் படியை வைத்துக்கொண்டு எதனைக் கழிக்கவேண்டும், எவ்விடத்தில் தூரிகை ஓயவேண்டும் என ஒவ்வொரு படியிலும் தேர்ந்து தெளிதல் இங்கு வேண்டப்படுகின்றது. குழந்தையின் கிறுக்கலில் மகிழ்ச்சி உண்டு, இத்தேர்வு இல்லை. ஆதலின், இத்தகைய படத்தின் முன் நிற்கும் மாணவர், 'இது எதனைக் குறிக்கின்றது?' என்று வினவுமுன், 'இது எவ்வாறு ஆக்கப்பட்டது?' என்று வினவுவாராக. விளிம்பையும் மையின் கனத்தையும் தாளின் படிவையும் கண்ணால் தொடர்ந்து செல்வார்க்குப் படத்தின் ஒழுங்கு தானே புலப்படும்.