பேறுகாலத் தோழி

மகப்பேற்றுக்காக மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளும் இளம் பெண்கள் சிலர், ‘டூலா’ ஒருவரை அமர்த்திக்கொள்ளலாமா என்று இக்காலத்தில் கேட்கின்றனர். இதனை ஆங்கில மருத்துவச் சொல் என்று எண்ணுவோர் உளர். இஃது ஆங்கிலமும் அன்று. மருத்துவச் சொல்லும் அன்று. பழங் கிரேக்கத்தில் அடிமைப் பெண், பணிமகள் என்பது இதன் பொருள். டானா ரஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், தாய்ப்பால் ஊட்டுதலைப் பற்றி 1973ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பிள்ளை பெற்றவளுக்கு அருகிருந்து உதவும் பெண்ணை இச்சொல்லால் குறித்தார். அதன் பிறகே இது மருத்துவ உலகிலும் பரவியது.

பிள்ளைப்பேறு வீட்டை விட்டு மருத்துவமனைக்குச் சென்றதால் பிழைத்த உயிர்கள் பலப்பல. அதனைக் குறை கூறுவது நன்றி மறத்தலாகும். ஆயினும் அந்த மாற்றத்தில் ஒன்று கைநழுவிப் போயிற்று. வீட்டில் பிள்ளை பெற்றவளைச் சுற்றித் தாய், அத்தை, அண்டை வீட்டுப் பெண் என்று யாரேனும் இருந்தனர். மருத்துவமனையிலோ உறவினர் வாயிலோடு நிறுத்தப்பட்டனர். மருத்துவருக்கும் தாதிக்கும் பார்க்க வேண்டிய கட்டில்கள் பல. இடுப்பு வலியோடு கிடந்தவள் பல மணி நேரம் தனியே கிடந்தாள்.

இத்தனிமை உடலையும் தாக்குமோ என்று ஆராய்ந்தவர்களுள் கென்னல், கிளாஸ் என்னும் இரு குழந்தை மருத்துவர்கள் முதன்மையானவர்கள். நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில், முதற் பிள்ளை பெற வந்த பெண்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும் துணைக்கு ஒரு பெண்ணை இருத்தினர். அவள் மருத்துவம் பயின்றவள் அல்லள். முன்பின் அறிமுகமானவளும் அல்லள். முதுகைத் தடவினாள், கையைப் பற்றிக்கொண்டாள், பேசினாள், அவ்வளவே. 1980ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. சிக்கலின்றிப் பெற்ற 20 தாய்மாரைத் துணையுள்ள பிரிவில் சேர்க்க 33 பேரைப் பதிவு செய்தால் போதுமாயிருந்தது. துணையற்ற பிரிவிலோ 103 பேரைப் பதிவு செய்ய நேர்ந்தது. மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை துணையுள்ளவர்க்குச் சராசரி 8.8 மணி, மற்றவர்க்கு 19.3 மணி. துணை பெற்ற தாய்மார் பிள்ளையை மிகுதியாகத் தடவினர், சிரித்தனர், பேசினர் என்பதும் அவ்வாய்வின் குறிப்பு.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் அவர்கள் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அங்கே மூன்று பிரிவுகள். ஒரு பிரிவில் துணைப்பெண் உதவினாள். மற்றொன்றில் ஒரு பெண் பேசாமல் ஒதுங்கியிருந்து குறிப்பு மட்டும் எடுத்தாள். மூன்றாவதில் ஒருவரும் இல்லை. சிசேரியன் அறுவை முறையே 100க்கு 8, 13, 18 பேருக்குத் தேவைப்பட்டது. வாய் திறவாத ஒருத்தி அறையில் இருந்ததற்கே பயன் இருந்தது போலும்!

காரணம் யாது? அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் சுரக்கின்றது. அது மிகுந்தால் கருப்பைக்குச் செல்லும் குருதி குறையும். கருப்பையின் சுருக்கமும் தளரும். பேற்றை நடத்தும் ஆக்சிடோசின் நன்கு சுரப்பதற்கு அமைதியும் துணிவும் வேண்டும். ‘பயப்படாதே, நான் இருக்கிறேன்’ என்னும் சொல் குருதியோட்டம் வரைக்கும் சென்று வேலை செய்கின்றது என்பதே இதன் பொருள்.

எனினும் மிகைப்படுத்தல் ஆகாது. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பேற்று நேரம் குறைவது சராசரியாக 40 நிமிடமே. அறுவையும் வலி மருந்தும் குறைகின்றன. குவாத்தமாலாவின் 10 மணி நேரத்தை எங்கும் எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

இனி, டூலா செய்வது என்ன? பிள்ளை பிறக்கு முன்பே இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து தாயையும் கணவரையும் கண்டு பேசுவாள். எதற்கு அஞ்சுகின்றாள், எதனை விரும்புகின்றாள் என்று கேட்டறிவாள். வலி தொடங்கியதும் வந்துவிடுவாள். நடக்கச் சொல்வாள், முழந்தாளிட்டுக் குனியச் செய்வாள், இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்துவாள், வெந்நீர் ஒற்றடம் கொடுப்பாள், மூச்சை அளந்து விடக் கற்பிப்பாள். மருத்துவர் கூறியது விளங்காதபோது, தாய் மீண்டும் கேட்கத் துணை நிற்பாள். தாதியர் முறை மாறும்; மருத்துவர் வருவார், போவார். இவள் மட்டும் இடம் பெயராள். கணவரை அவள் ஒதுக்கிவிடுவாளோ என்று அஞ்ச வேண்டா. என்ன செய்வதென்று விளங்காமல் கையைப் பிசைந்து நிற்கும் அவருக்கும் வேலை கற்பிப்பவள் அவளே.

அவள் செய்யலாகாதவை எவை என்பதையும் அறிதல் வேண்டும். பரிசோதித்தல், மருந்து தருதல், பிள்ளை எடுத்தல் அவள் வேலை அல்ல. தாய்க்காக முடிவு செய்யும் உரிமையும் அவளுக்கு இல்லை. மருத்துவரை நம்பாதே என்று கூறும் டூலாவை அமர்த்தாமல் இருப்பதே நலம்.

பிள்ளை பிறந்தபின் அவள் பணி இன்னும் எளிமையானது. என் கருத்தில், இன்னும் அரியது. பால் கட்டிக்கொண்டால் உதவுவாள், தாய் உறங்கப் பிள்ளையை ஏந்திக்கொள்வாள், சோறு ஆக்குவாள், மூத்த பிள்ளையின் அழுகையைத் தீர்ப்பாள். தாய் காரணமின்றி அழுதுகொண்டே இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று முதலில் கூறுபவள் பெரும்பாலும் இவளே. நம் வீடுகளில் பத்தியச் சோறு ஆக்கிப் போட்ட பாட்டியின் வேலைதானே என்பீர்கள். ஆம். ஆனால் அடுக்குமாடி வீட்டில், பாட்டி வேறு நாட்டில் இருக்க, அதனை யார் செய்வது?

இவளுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம்? மருத்துவச்சி பொருந்தாது, அவள் பிள்ளை எடுப்பவள். செவிலி என்றால் சங்க இலக்கியத்தில் வளர்ப்புத் தாய். இன்று தமிழ்நாட்டில் நர்ஸ். ‘தாதி’ நம் நாட்டில் நர்ஸைக் குறித்தாலும் அதன் பழம் பொருள்களுள் ஒன்று பணிப்பெண் என்பது. டூலாவுக்கு எவ்வளவு நெருக்கம்! ஆனால் அச்சொல்லுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம். மேலும், அடிமை என்னும் பொருளை வெறுத்து ‘டூலா’ என்னும் பெயரையே மறுப்போர் அமெரிக்காவில் உளர். ஆகவே நான் ‘பேறுகாலத் தோழி’ என்கின்றேன். அகப்பாட்டின் தோழியும் தலைவியின் நோயைத் தான் தீர்ப்பதில்லை, உடன் நிற்கின்றாள். திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையில், காவிரி வெள்ளம் தடுத்தமையால் வர இயலாத தாயின் உருவில் இறைவன் வந்ததாகக் கூறுவர். அப்பெண் வழிபார்த்திருந்தது தன் தாயையே.

பேற்றின்போது பெண் தான் விரும்பும் துணையை உடன் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. 2020 மார்ச்சில், கோவிட் நோய்க்கு அஞ்சி நியூயார்க்கின் சில மருத்துவமனைகள் கணவரைக்கூட உள்ளே விடவில்லை. தனியே பெற மாட்டோம் என்று கருவுற்ற பெண்கள் முறையிட்டனர். அம்மாத இறுதியிலேயே, துணை ஒருவரை அனுமதிக்க வேண்டும் என்று மாநில ஆளுநர் ஆணை பிறப்பித்தார்.